மூன்று தடவை சரியாக வந்தால் சூத்திரம் உண்மையாகிவிடுமா?

குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கண்டுபிடிக்க வர்க்கமும் வேண்டாம், வர்க்கமூலமும் வேண்டாம். நீளமான பக்கத்தை எட்டாகப் பிரித்து ஒரு பங்கைத் தள்ளிவிட்டு, குட்டைப் பக்கத்தில் பாதியைச் சேர்த்தால் போதும், இதைத் தமிழர்கள் பிதாகரஸுக்கு முன்பே பாட்டாகப் பாடிவைத்தார்கள் என்று அவர்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் செய்தி வந்திருக்கிறது. பையன் 3, 4 போட்டுப் பார்த்தான், 5 வந்தது. 6, 8 போட்டான்; 10 வந்தது. 5, 12 போட்டான், 13 வந்தது. "அப்புறம் எதுக்கு புஸ்தகத்துல இவ்வளவு சுத்தி வளைக்கிறாங்க?" என்று கேட்கிறானாம். கூடவே இன்னும் இரண்டு சந்தேகங்கள். வடிவியல் எங்கே, யாரிடம் தொடங்கியது? புள்ளிக்கு அளவே கிடையாது, கோட்டுக்கு அகலம் கிடையாது என்று பாடத்தில் இருக்கிறதே, இல்லாத ஒன்றை வைத்துக்கொண்டு சர்வேயர் எப்படி நிலம் அளக்கிறார்?

பார்வைக்கு மூன்று கேள்விகள். அடியில் இருப்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கணக்கு போட்டுப் பார்க்கும்போது சரியாக வருவதும், அது எப்போதும் சரியாக இருந்தே தீரும் என்று சொல்ல முடிவதும் ஒன்றுதானா? பையன் உண்மையில் கேட்பது இதைத்தான். வடிவியலின் வரலாறே இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் நகர்ந்திருக்கிறது. நான் நாகர்கோவில் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் சர்வே பாடமும் கணக்கும் நடத்தி ஓய்வு பெற்றவன். செயினும் டேப்பும் பிடித்த பழக்கம் உண்டு. நிரூபணங்களைக் கரும்பலகையில் எழுதிய பழக்கமும் உண்டு. பாபிலோனியக் களிமண் பலகைகளையோ சமஸ்கிருத மூலங்களையோ நேராகப் படிக்க எனக்குத் தெரியாது. அந்த இடங்களில் அறிஞர்களின் மொழிபெயர்ப்பை நம்பித்தான் பேசுகிறேன், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சூத்திரம். மகனிடம் 8, 15 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 15-இல் எட்டில் ஒரு பங்கு போனால் 13.125. எட்டில் பாதி 4. கூட்டினால் 17.125. உண்மையான கர்ணம் 17. அடுத்து 7, 24 போடட்டும். 21-உடன் 3.5 சேர்ந்து 24.5 வரும், வர வேண்டியது 25. நான்கு பக்கமும் 100 அடி உள்ள சதுர மனைக்கு மூலைவிட்டம் இந்த வழியில் 137.5 அடி. டேப் பிடித்தால் 141 அடி 5 அங்குலம் இருக்கும். கிட்டத்தட்ட 4 அடி உதைக்கிறது.

அப்படியானால் அவன் போட்ட மூன்றும் எப்படிச் சரியாக வந்தன? இதைத் துல்லியமாகவே சொல்லிவிடலாம். நீளப் பக்கத்தை 1 என்றும், குட்டைப் பக்கத்தை அதில் 'க' பங்கு என்றும் வைத்துக்கொண்டு, சூத்திரம் தரும் விடையும் உண்மையான கர்ணமும் சமமாக இருக்க வேண்டும் என்று எழுதினால் 48க² − 56க + 15 = 0 என்ற இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதற்கு இரண்டே விடைகள்: 3/4, 5/12. குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் முக்கால் பங்காகவோ பன்னிரண்டில் ஐந்து பங்காகவோ இருந்தால் மட்டுமே சூத்திரம் அச்சாகப் பொருந்தும். 3-4, 6-8, 5-12 எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்குகிறவை. செய்தியை அனுப்புகிறவர்கள் கொடுக்கும் உதாரணங்களும் பெரும்பாலும் இவைதான், அதனால்தான் படிக்கிறவர்களுக்குச் சந்தேகமே வருவதில்லை.

அதற்காக இதைக் குப்பை என்று தள்ளிவிடவும் கூடாது. குட்டைப் பக்கம் நீளப் பக்கத்தில் ஐந்தில் இரண்டு பங்கிலிருந்து ஐந்தில் நான்கு பங்கு வரை இருந்தால், பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழேதான். ஓட்டு வீட்டுக் கூரைக்குக் கழுக்கோல் எவ்வளவு நீளம் வேண்டும் என்று மரக்கடையில் நின்று மனக்கணக்காகப் பார்க்க நல்ல வழி. வர்க்கமூலம் எடுக்கத் தெரியாத ஒருவருக்கு இப்படி ஒரு வாய்பாடு தந்தவர் யாராக இருந்தாலும் கெட்டிக்காரர். ஆனால் அந்தப் பாட்டு எந்த நூலில், எந்தச் சுவடியில் இருக்கிறது என்ற விவரத்தோடு என்னிடம் ஒரு தடவைகூட வந்ததில்லை. அது இல்லாமல் காலத்தை நிர்ணயிக்க முடியாது. பிதாகரஸுக்கு முந்தியது என்று சொல்ல ஆதாரம் இல்லை என்பதே இன்றைய நிலை.

சரி, யார்தான் முதலில்? இந்தப் பந்தயத்தில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. இருந்தாலும் கேட்டிருப்பதால் சொல்கிறேன். கையில் இருக்கும் சான்றுகளில் பழையவை மெசபொட்டேமியாவின் களிமண் பலகைகள். பிளிம்ப்டன் 322 என்று அழைக்கப்படும் பலகை ஏறக்குறைய கி.மு. 1800-ஐச் சேர்ந்தது. அதில் 15 வரிசைகளில் எண்கள். ஒரு வரிசையில் 12709, 18541 என்று இரண்டு எண்கள் வருகின்றன. 12709-இன் வர்க்கத்தோடு 13500-இன் வர்க்கத்தைக் கூட்டிப் பாருங்கள், 18541-இன் வர்க்கம் அச்சாக வரும். இவ்வளவு பெரிய எண்கள் தற்செயலாகப் போட்டுப் பார்த்துக் கிடைத்திருக்க முடியாது. ஒரு வழிமுறை அவர்களிடம் இருந்திருக்க வேண்டும். அந்தப் பலகை எதற்காக எழுதப்பட்டது, ஆசிரியர் பாடம் நடத்தவா, வேறு கணக்குக்கா என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை. இன்னொரு சின்னப் பலகையில் ஒரு சதுரமும் அதன் மூலைவிட்டங்களும் கீறி, பக்கத்தில் 2-இன் வர்க்கமூலத்தை 1.41421 வரை சரியாக எழுதியிருக்கிறார்கள். இதெல்லாம் பிதாகரஸுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தியது.

எகிப்தில் கி.மு. 1550 வாக்கில் ஆமெஸ் என்ற எழுத்தர் படியெடுத்த பாப்பிரஸ் சுருளில் வட்டத்தின் பரப்புக்கு ஒரு வழி இருக்கிறது. விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து, மீதியை வர்க்கமாக்கினால் பரப்பு. இதிலிருந்து பை-யின் மதிப்பைப் பிரித்தெடுத்தால் சுமார் 3.16 வருகிறது. நைல் வெள்ளம் வரப்புகளை அழிக்கும், திரும்ப அளக்க வேண்டியிருந்தது, அதில் பிறந்ததுதான் வடிவியல் என்ற கதை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதிவைத்தது. நம்பத் தகுந்ததுதான், ஆனால் அவர் எழுதியது கி.மு. 5-ஆம் நூற்றாண்டில், சம்பவம் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் வருடம் கழித்து. எகிப்தியர்கள் 12 முடிச்சுப் போட்ட கயிற்றை 3, 4, 5 என்று மடக்கிச் செங்கோணம் பிடித்தார்கள் என்று பல பாடப்புத்தகங்களில் படமே போட்டிருக்கிறார்கள். அதற்கு எகிப்திய ஆவணம் எதுவும் கிடையாது. 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் வரலாற்றாசிரியர் மோரிட்ஸ் கான்டோர் செய்த ஊகம் படமாக மாறிவிட்டது.

நம் நாட்டில் சுல்ப சூத்திரங்கள். வேள்விக் குண்டங்களைக் கயிறு பிடித்துக் கட்டுவதற்கான விதிகள் அவை. அவற்றில் பழையதான பௌதாயனருடையது கி.மு. 800-க்கும் 500-க்கும் இடையில் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். நீள்சதுரத்தின் குறுக்கே பிடித்த கயிறு, இரண்டு பக்கங்களும் தனித்தனியே உண்டாக்கும் பரப்புகளைச் சேர்த்து உண்டாக்கும் என்று அதில் இருக்கிறது. இது ஒரு முக்கோணத்துக்கான விடை கிடையாது, எல்லா நீள்சதுரத்துக்கும் பொதுவாகச் சொன்ன விதி. இன்னொரு சுல்ப சூத்திரத்தை எழுதிய ஆபஸ்தம்பர் 3-4-5, 5-12-13, 8-15-17, 12-35-37 ஆகியவற்றைப் பயன்படுத்துகிறார். நம் வாட்ஸ்ஆப் சூத்திரம் தடுக்கி விழும் 8-15 அன்றே அங்கே இருக்கிறது, பாருங்கள். ஆனால் ஏன் அப்படி என்ற விளக்கம் அந்தச் சூத்திரங்களில் இல்லை. கட்டுகிறவருக்கு விதி போதும் என்பதால் இருக்கலாம்.

தமிழில் கேட்டால், எனக்குப் பிடித்த சான்று நெடுநல்வாடையில் வருவது. உச்சிவேளையில், நட்ட இரண்டு கோல்களின் நிழல் எந்தப் பக்கமும் சாயாத பொழுதைப் பார்த்து, நூலறி புலவர் நுண்ணிதாகக் கயிறிட்டு அரண்மனைக்கு மனை வகுத்தார்கள் என்று நக்கீரர் பாடுகிறார். கயிறும் நிழலும் வைத்துத் திசை பிடித்துக் கட்டிய தொழிலறிவு சங்க காலத்தில் இருந்தது என்பதற்கு இது உறுதியான சான்று. ஆதாரமில்லாத செய்தியை அனுப்புவதைவிடப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் பெருமையும் இருக்கும், உண்மையும் இருக்கும்.

பிதாகரஸ் எழுதியது என்று ஒரு வரிகூட இன்று கிடையாது. அவர் பெயரையும் தேற்றத்தையும் இணைக்கும் செய்திகள் அவருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவை. அந்தத் தேற்றத்துக்கு முழுமையான நிரூபணத்தோடு நம் கைக்கு வந்திருக்கும் பழைய நூல், கி.மு. 300 வாக்கில் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் தொகுத்த 13 பாகங்கள்தான். முதல் பாகத்தில் 47-ஆவது தேற்றம் அது. அங்கே பிதாகரஸ் என்ற பெயரே வராது. ஆகவே விதியை அறிந்தவர்கள் என்று கேட்டால் பாபிலோன், சுல்பகாரர்கள். எடுகோளிலிருந்து, அதாவது நிரூபிக்காமல் ஒப்புக்கொண்ட அடிப்படைக் கூற்றிலிருந்து, படிப்படியாக நிரூபித்து எழுதியது என்றால் கிரேக்கம். இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழப்புவதால்தான் சண்டையே வருகிறது.

விதி மட்டும் தெரிந்து, எங்கே செல்லும் எங்கே செல்லாது என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விளைகள் (தோப்பு நிலங்கள்) எதுவும் சதுரமாக இருப்பதில்லை. ஓடையும் பாறையும் ஏற்ற இறக்கமும் எல்லையை வளைத்துவிடும். தென்னம்விளை ஒன்றை விலை பேசும்போது எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்து, இரண்டையும் பெருக்கி, 435.6-ஆல் வகுத்து "இத்தனை சென்ட்" என்று சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. இதே சூத்திரம் எகிப்தில் எட்ஃபு கோயில் சுவரில், நன்கொடை நிலங்களின் பட்டியலில் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே பயன்பட்டிருக்கிறது. நான்கு மூலையும் செங்கோணமாக இருந்தால் சரியான விடை தரும். மற்ற எல்லா நாற்கரத்துக்கும் இது கூட்டித்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. இதையும் நிரூபித்துவிடலாம்.

ஒரு ஜோடி எதிர்ப்பக்கங்கள் 66 அடியும் மற்ற ஜோடி 99 அடியும் உள்ள ஒரு நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 6,534 சதுர அடி, சரியாக 15 சென்ட். ஆனால் அந்த நிலம் சாய்ந்து, ஒரு மூலை 60 டிகிரியாக இருந்தால் உண்மைப் பரப்பு சுமார் 5,659 சதுர அடி, 13 சென்ட். பக்கங்கள் நான்கும் அதே நீளம்தான், 2 சென்ட் காணாமல் போய்விட்டது. வாங்குகிறவருக்கு அது எவ்வளவு பணம் என்று உங்களுக்கே தெரியும். நான்கு பக்க நீளத்தை மட்டும் வைத்து ஒரு நாற்கரத்தின் பரப்பைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் நாற்கரம் அசையும். முக்கோணம் அசையாது. மூன்று பக்கமும் தெரிந்தால் வடிவம் ஒன்றே ஒன்றுதான். அதனால்தான் சர்வேயர் மூலைக்கு மூலை குறுக்கே பிடித்து நிலத்தை முக்கோணங்களாகப் பிரிக்கிறார். புலப்படத்தை (சர்வே எண்ணுக்குரிய நில வரைபடத்தை) எடுத்துப் பார்த்தால் உள்ளே ஓடும் குறுக்குக் கோடுகள் தெரியும். மேலே சொன்ன நிலத்தில் அந்தக் குறுக்களவு 119 அடி வந்தால் 15 சென்ட், 87 அடி 4 அங்குலம் வந்தால் 13 சென்ட். பிரம்மகுப்தர் கி.பி. 628-இலேயே சராசரி முறையை 'மேலோட்டமான' பரப்பு என்றும், வேறொரு சூத்திரத்தை 'நுட்பமான' பரப்பு என்றும் பிரித்து எழுதியிருக்கிறார். அந்த நுட்பமான சூத்திரமும் நான்கு மூலைகளும் ஒரே வட்டத்தின் மேல் விழும் நாற்கரத்துக்குத்தான் பொருந்தும்.

இப்போது புள்ளி. களத்தில் புள்ளி என்று நாங்கள் எதைச் சொல்கிறோம்? எல்லைக்கல் ஒன்று நட்டிருக்கிறது, கல்லின் தலை அரையடி அகலம் இருக்கலாம். அந்தத் தலையில் ஒரு குறி வெட்டியிருக்கும். மாணவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது மரமுளை அடித்து, முளையின் தலையில் ஒரு ஆணி அடித்து, தூக்குக்குண்டின் கூர்முனையை ஆணியின் நடுவில் நிறுத்தச் சொல்வோம். கல்லிலிருந்து குறிக்கு, முளையிலிருந்து ஆணிக்கு, ஆணியிலிருந்து அதன் நடுவுக்கு என்று அளவைக் குறைத்துக்கொண்டே போகிறோம். எங்கே நிற்பது? கருவியின் துல்லியம் எங்கே முடிகிறதோ அங்கே நிற்கிறோம். கணக்கு மட்டும் நிற்காமல் கடைசி வரை போய், பகுதியே இல்லாத ஒன்றை வைத்துக்கொள்கிறது. அப்போதுதான் இரண்டு கற்களுக்கு இடையே உள்ள தூரம் என்பதற்கு ஒரே ஒரு விடை இருக்கும். கல்லின் எந்த ஓரத்திலிருந்து அளப்பது என்ற தகராறு வராது. அளக்கும்போது வரும் பிழை என்பதையும் அந்த ஒரே விடையோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.

யூக்ளிட் புள்ளியை 'பகுதி இல்லாதது' என்றும் கோட்டை 'அகலமில்லாத நீளம்' என்றும் வரையறுத்தார். சுவாரஸ்யம் என்னவென்றால், பின்னால் வரும் நிரூபணங்கள் எதிலும் அவர் இந்த வரையறையை எடுத்துப் பயன்படுத்துவதில்லை. அவர் பயன்படுத்துவது வேறு: இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டால் இணைக்கலாம், கோட்டை நீட்டலாம், எந்த மையத்திலும் எந்த ஆரத்திலும் வட்டம் போடலாம், செங்கோணங்கள் எல்லாம் சமம், அப்புறம் ஐந்தாவதாக ஒன்று. 1899-இல் டேவிட் ஹில்பர்ட் என்ற ஜெர்மன் கணித அறிஞர் இதை நேராக்கினார். புள்ளி, கோடு, தளம் என்றால் என்ன என்று வரையறுக்கவே மாட்டேன், அவை ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை மட்டும் சொல்வேன் என்றார். சதுரங்கத்தில் குதிரை மரத்தில் செய்ததா, பிளாஸ்டிக்கில் செய்ததா என்று யாரும் கேட்பதில்லை. அது எப்படித் தாவும் என்பதுதான் குதிரை. மகனுக்கு இப்படிச் சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வான் என்று நம்புகிறேன்.

இனி நிரூபணம் என்றால் என்ன என்பதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். தடித்த அட்டையில் செங்கோணத்தை ஒட்டிய பக்கங்கள் 5 செ.மீ., 9 செ.மீ. இருக்கும்படி ஒரே அளவில் நான்கு முக்கோணங்கள் வெட்டுங்கள். கர்ணம் முழு எண்ணாக வராத அளவை வேண்டுமென்றேதான் சொல்கிறேன். 14 செ.மீ. சதுரம் ஒன்று வரைந்து, நான்கு மூலையிலும் ஒவ்வொரு முக்கோணத்தின் செங்கோணம் உட்காரும்படி வையுங்கள். ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு முக்கோணத்தின் 5-உம் அடுத்ததன் 9-உம் சேர்ந்து 14 ஆகும். நடுவில் சாய்ந்த ஒரு சதுரம் மிச்சமாகும், அதன் பக்கம் கர்ணம். இப்போது அதே நான்கையும் இரண்டிரண்டாகச் சேர்த்து இரண்டு நீள்சதுரமாக்கி எதிரெதிர் மூலைகளில் தள்ளுங்கள். மிச்சமாவது 5-க்கு 5 ஒரு சதுரம், 9-க்கு 9 ஒரு சதுரம். பெரிய சதுரமும் மாறவில்லை, முக்கோணங்களும் மாறவில்லை. ஆகவே மிச்சமும் சமமாக இருந்தே ஆக வேண்டும். 5-உம் 9-உம் என்று சொன்னேனே தவிர அந்த எண்களின் விசேஷத்தை எங்குமே பயன்படுத்தவில்லை, கவனியுங்கள். எந்த அளவு போட்டாலும் இதே பேச்சு அப்படியே செல்லும். மூன்று முறை, முந்நூறு முறை போட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சதுரங்களை வெட்டி நகர்த்திக் காட்டும் இந்த வகை விளக்கத்தை சுமார் 1530-இல் ஜேஷ்டதேவர் மலையாளத்தில் எழுதிய யுக்திபாஷையிலும் பார்க்கலாம். நம் மாவட்டம் முதலில் திருவிதாங்கூரோடும், 1949-க்குப் பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது, விளவங்கோடு, கல்குளம் பக்கம் மலையாளம் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் பல வீடுகளில் உண்டு. அந்த நூலில் புஜம், கோடி (செங்கோணத்தை ஒட்டிய இரண்டு பக்கங்கள்), கர்ணம் என்று வரும் சொற்கள் அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. அதே மரபில் வந்த மாதவர் பை-யின் மதிப்பை 11 தசம இடம் வரை சரியாகச் சொன்னவர். விதியோடு காரணத்தையும் சேர்த்து எழுதிய இந்தக் கேரள மரபு நம் வீட்டு வாசலிலேயே இருந்தும் நம் பிள்ளைகளுக்கு அதன் பெயர்கூடத் தெரியாமல் போவது எனக்கு வருத்தம்.

அட்டை விளையாட்டில் ஒரு இடத்தை வேகமாகத் தாண்டிவிட்டேன், கூர்மையான பையன் என்றால் பிடித்துவிடுவான். நடுவில் மிஞ்சியது சதுரம் என்று எப்படித் தெரியும்? நான்கு பக்கம் சமமாக இருந்தால் போதாது, மூலை செங்கோணமாக வேண்டும். அங்கே விளிம்பில் இரண்டு குறுங்கோணங்களும் நடு மூலையும் சேர்ந்து 180 டிகிரி. குறுங்கோணங்கள் இரண்டும் சேர்ந்து 90, ஆகவே மிச்சம் 90. குறுங்கோணங்கள் ஏன் 90? முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் 180 என்பதால். அது ஏன் 180? உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்தால் தெரியும். அந்தப் புள்ளி வழியாக இணைகோடு ஒன்றுதான் இருக்கும் என்று ஏன் நம்ப வேண்டும்? இங்கே வந்ததும் கை விரிக்க வேண்டியதுதான். அதுதான் யூக்ளிட்டின் ஐந்தாவது எடுகோள் சொல்லும் விஷயம், நிரூபிக்காமல் ஒப்புக்கொண்டது.

மற்ற நான்கிலிருந்து இதை நிரூபித்துவிட முடியுமா என்று இரண்டாயிரம் ஆண்டு முயன்றார்கள். 1733-இல் சக்கேரி என்ற இத்தாலியப் பாதிரியார் ஒரு புத்தகமே எழுதினார். 1829-இல் ரஷ்யாவில் லோபசெவ்ஸ்கியும் 1832-இல் ஹங்கேரியில் போயாயும் தனித்தனியாக, அந்த எடுகோளை மாற்றிவிட்டாலும் முரண்பாடில்லாத இன்னொரு வடிவியல் கிடைக்கிறது என்று அச்சில் காட்டினார்கள். அங்கே முக்கோணத்தின் கோணங்கள் 180-க்குக் குறைவு.

கூடுதலாக வரும் இடமும் உண்டு, அதற்கு நம் மாவட்டமே சாட்சி. வில்லியம் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802-இல் சென்னையில் அடிக்கோடு (முக்கோணங்களுக்கு அடிப்படையான முதல் நேர்கோடு) அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை தெற்கே குமரிமுனை வரை வந்தது. அரை டன் எடையுள்ள தியோடலைட் என்ற கோணம் அளக்கும் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது அது அடிபட்டு, அவர் அதைப் பிரித்துச் சரிசெய்த கதை அளவைத் துறையில் எல்லோருக்கும் தெரியும். இங்கிருந்து இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கி.மீ. தெற்கு-வடக்காக நீண்ட அந்த அளவைக் கோட்டின் தென்கோடி நிலையம் பதிவுகளில் 'புன்னை' என்று இருக்கிறது, அட்சரேகை 8 டிகிரி 9 நிமிடம், இங்கே பக்கத்தில்தான். அவர்கள் அளந்த முக்கோணங்கள் பூமி என்ற கோளத்தின் மேல் கிடப்பவை. அங்கே கோணங்களைக் கூட்டினால் 180-ஐத் தாண்டும். சுமார் 197 சதுர கி.மீ. பரப்புக்கு ஒரு செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) வீதம் கூடும். கன்னியாகுமரி மாவட்டம் அளவுக்கு ஒரு முக்கோணம் இருந்தால் கூடுதல் ஏறக்குறைய எட்டரை செகண்ட்தான். வீட்டு மனைக்கு இது ஒன்றுமே இல்லை, நாட்டை அளக்கிறவர் இதைக் கழிக்காமல் விட்டால் கணக்கு மூடாது. ஆகவே பிதாகரஸ் தேற்றம் தளத்தில் உறுதி. நாம் நிற்கும் தரை தளமா என்பது வேறு கேள்வி, அதை அளந்துதான் சொல்ல வேண்டும்.

கொத்தனார் வானம் (அஸ்திவாரக் குழி) தோண்ட நூல் பிடிக்கும்போது 3-4-5 வைப்பதைப் பையன் பார்த்திருந்தால் கேட்பான், அதனால் ஒரு வார்த்தை. அவர் பயன்படுத்துவது தேற்றத்தின் மறுதலை: பக்கங்கள் இப்படி இருந்தால் கோணம் செங்கோணம். யூக்ளிட் அதைத் தனியாக 48-ஆவதாக நிரூபிக்கிறார். 6, 8, 10 அடி வைத்து, 10 அடியில் அரை அங்குலம் கூடிப்போனால் மூலை அரை டிகிரி விரியும். 40 அடிச் சுவரின் கோடியில் அது 4 அங்குலம். டேப்பை இறுக்கிப் பிடியுங்கள் என்று மேஸ்திரி கத்துவது அதற்காகத்தான்.

பரீட்சையில் மகன் வர்க்கம் போட்டே எழுதட்டும். அதோடு ஒரு வேலையும் கொடுங்கள். ஏப்ரல் 10, 11 வாக்கிலும் செப்டம்பர் முதல் இரண்டு நாட்களிலும் கன்னியாகுமரியில் நடுப்பகலில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. செப்டம்பரில் மேகம் மறைக்கலாம் என்பதால் ஏப்ரலை வைத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் சென்னையில் இருக்கும் சொந்தக்காரர் யாரையாவது ஒரு மீட்டர் குச்சி நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள். இங்கே அது பகல் 12.20 வாக்கில், அங்கே 12.10 வாக்கில் வரும். சென்னையில் நிழல் சுமார் 8.7 செ.மீ. இருக்கும், அதாவது 5 டிகிரி சாய்வு. இரண்டு ஊருக்கும் வடக்கு-தெற்காக உள்ள இடைவெளி, சாலைத் தூரம் இல்லை, சுமார் 553 கி.மீ. 5 டிகிரி என்பது வட்டத்தில் 72-இல் ஒரு பங்கு, 553-ஐ 72-ஆல் பெருக்கினால் பூமியின் சுற்றளவு 39,816 கி.மீ. கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நூலகத்தில் இருந்த எரடோஸ்தனீஸ் இதே முறையில்தான் கண்டார். நிழலில் 1 மில்லிமீட்டர் தவறினால் விடையில் 450 கி.மீ. போல மாறிவிடும், அதனால் குச்சியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நடச் சொல்லுங்கள்.